கண்மாய்க்கு சிபில் ஸ்கோர் எம்புட்டு?

ஆபீசர் தம்பி, நீங்க குடுத்துட்டுப் போன பாரத்தை வாசிச்சுப் பாத்தேன். நல்ல வழுவழுப்பான காகிதம். மேல பச்சையில ஒரு இலை வரைஞ்சிருக்கு. முதல் கேள்வியே, ‘தங்கள் நிறுவனத்தின் நிலைத்தன்மைக் கொள்கை யாது?’ன்னு. எதுத்த வீட்டுக்காரன் நாலு மாடு வச்சு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால் ஊத்துறான். அவன்கிட்டப் போயி இதையே கேட்டேன். “விடியக்காலம் எந்திரிச்சுப் பாக்கையில நாலு மாடும் நாலு கால்ல நிக்கணும், அம்புட்டுதான் நம்ம கொள்கை”ன்னான். சரியான பதில்தான், எழுதிக்கிருங்க.

இன்னொரு கேள்வி, ‘ஸ்கோப் மூணு உமிழ்வு எவ்வளவு?’ன்னு. பேத்திதான் விளக்கம் சொன்னா. கம்பெனி தானே விடுற புகை ஒண்ணாம் நம்பராம். வாங்குற கரண்டுக்குப் பின்னால இருக்கிறது ரெண்டாம் நம்பர். சரக்கு வாங்குற இடம், விக்கிற இடம் எல்லாத்துலயும் கிளம்புறது மூணாம் நம்பர். அப்படின்னா பால்கோவா கிண்டுறவனுக்கு அடுப்புப் புகை ஒண்ணாம் நம்பர். அவனுக்குப் பால் குடுத்த மாடு அசை போட்டுக்கிட்டே விடுற ஏப்பம் மூணாம் நம்பர். 2019-ல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு குடுத்தப்ப மாட்டு ஏப்பத்தைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடலையே தம்பி!

கோவிச்சுக்கிறாதீக. கேலி பண்ணலை, பண்ணுனாலும் உங்க நல்லதுக்குத்தான். கடன் குடுக்கையில காத்து, தண்ணி, வேலையாளு, கோர்ட்டு எல்லாத்தையும் கணக்குல சேருங்கன்னு மேலிடத்துல சொல்றாக. சொல்றது ரொம்பச் சரி. கேள்வியைத்தான் தப்பான ஆளுகிட்டக் கேக்குறீக.

மேலிடம் சும்மா சொல்லலை. ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரல்ல, உலகத்து மத்திய வங்கிக சேந்து வச்சிருக்கிற பசுமைக் கூட்டமைப்புல சேந்துச்சு. 2022 ஜூலையில பருவநிலை ஆபத்தைப் பத்தி ஒரு விவாத அறிக்கை போட்டாக. 2024 பிப்ரவரி 28-ல, ஒவ்வொரு வங்கியும் தனக்கு இருக்கிற பருவநிலை ஆபத்தை வெளியில சொல்லணும்னு வரைவு விதி வந்துச்சு. அதுல ஒரு வரியைப் பாத்துச் சிரிச்சிட்டேன். கிராம வங்கிகளுக்கு இது கிடையாதாம். விருதுநகர்ல தலைமையகம் வச்சிருந்த நம்ம பாண்டியன் கிராம வங்கி, 2019-ல பல்லவனோட சேந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆச்சுல்ல, அந்த மாதிரி வங்கிகளுக்கு விலக்கு. அதாவது, வானம் பாத்து விதைக்கிறவனுக்குக் கடன் குடுக்கிற வங்கி வானத்தைப் பத்தி எழுத வேண்டாம். ஏசி ரூம்ல உக்காந்து குடுக்கிற வங்கி எழுதணும். சின்ன வங்கி தலையில சுமையை ஏத்த வேண்டாம்னு நல்ல மனசோடதான் விட்டிருப்பாக. நான் சிரிச்சேன், அம்புட்டுதான்.

உங்க கடன் ஆபத்துக் கணக்கை உரிச்சுப் பாத்தா மூணே கேள்விதான். வாங்குனவன் கட்டாமப் போறதுக்கு வாய்ப்பு எம்புட்டு? அவன் கையை விரிக்கிற அன்னிக்கு நம்ம பணம் எம்புட்டு வெளியில நிக்கும்? ஈட்டை வித்த பிறகும் எம்புட்டு வராமப் போகும்? மூணையும் பெருக்குனா எதிர்பாக்கிற நட்டம். எங்க அப்பாரு காலத்து வட்டிக்கடைக்காரரும் இதே மூணைத்தான் பாத்தாரு. என்ன, அவரு திண்ணையில உக்காந்து பாத்தாரு. தண்ணி இறைக்கிற சத்தம் அவரு காதுல விழுந்துச்சு.

சும்மா ஒரு வாய்க்கணக்குப் போடுவோம். ஒரு கோடி ரூபா கடன். கட்டாமப் போக 2 சதம் வாய்ப்பு. போனா, ஈட்டை வித்தது போக 40 சதம் நட்டம். ஆக எதிர்பாக்கிற நட்டம் 80 ஆயிரம். இப்ப அந்த எடத்துல கிணறு வத்தும்னு தெரிய வருது. 2 சதம் 6 ஆகும். அதோட நிக்குமா? வத்துன கிணறு உள்ள நிலத்தை எவன் வாங்குவான்? அந்த 40, 60 ஆகும். நட்டம் 3 லட்சத்து 60 ஆயிரம், நாலரை மடங்கு. கவனிச்சீகளா? கடன்காரன் விழுகிற அன்னிக்கே ஈடும் கூடவே விழுகுது. உங்க கம்ப்யூட்டர் ரெண்டையும் தனித்தனிக் கட்டத்துல வச்சிருக்கு. ஆளு போனாலும் நிலம் இருக்குல்லன்னு நிம்மதியாத் தூங்குது.

அதைவிடப் பெரிய சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. வத்திராயிருப்புக்கு மேக்க பிளவக்கல்லுல பெரியாறு, கோவிலாறுன்னு ரெண்டு அணை. அதுல வந்த தண்ணி வரிசையாக் கண்மாய்களை நெறைச்சு, அதுக்குக் கீழ நெல்லு விளையுது. உங்க கிளை அங்கே எரநூறு பேருக்குப் பயிர்க்கடன் குடுத்திருக்குன்னு வச்சுக்குங்க. ஏட்டுல எரநூறு பேரு, எரநூறு ஆதாரு, எரநூறு அடங்கல். ‘ஆபத்தைப் பரவலாக்கி வச்சிருக்கோம்’னு மேலிடத்துக்கு எழுதுறீக. நான் சொல்றேன், நீங்க குடுத்தது ஒரே ஆளுக்கு. அவன் பேரு கண்மாய். அவன் நெறைஞ்சா எரநூறு பேரும் கட்டுவான். அவன் காஞ்சா எரநூறு பேரும் ஒரே நாள்ல உங்க வாசல்ல நிப்பான். எரநூறு பேருக்கும் சிபில் ஸ்கோர் எடுத்தீக. அந்த ஒருத்தனுக்கு எடுத்தீகளா?

எப்படி எடுக்குறதுன்னு கேப்பீக. நீர்ப்பாச்சியைப் போயிப் பாருங்க. மடையைத் திறக்கிறதும் அடைக்கிறதும் அவரு கையிலதான். கடைசியா எந்த வருஷம் கலுங்குல மறுகால் போச்சுன்னு அவருக்குத்தான் தெரியும். வரத்துக்கால் எந்த எடத்துல அடைபட்டுக் கிடக்கு, உள்வாயில சீமைக்கருவேலம் எதுவரைக்கும் ஏறியிருக்கு, மண்ணு மேடு தட்டி மடை வாய் எம்புட்டு மூடியிருக்கு, கடைமடைக்குத் தண்ணி போயி எத்தனை போகம் ஆச்சு, எல்லாம் விரல் நுனியில வச்சிருப்பாரு. ஒரு டீ வாங்கிக் குடுத்தாப் போதும். அந்த டீக்கு வவுச்சர் வைக்க முடியாதுங்கிறதுதான் உங்க சங்கடம்.

2016-ல வடகிழக்குப் பருவமழை 62 சதம் கொறைஞ்சு போச்சு. 2017 ஜனவரியில தமிழ்நாட்டு 32 மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாக. அதுக்கெல்லாம் ரிசர்வ் வங்கி ஏற்கெனவே விதி வச்சிருந்துச்சு. மகசூல்ல 33 சதமோ அதுக்கு மேலயோ போச்சுன்னா பயிர்க்கடனைத் தள்ளி எழுதலாம். நட்டம் 50 சதத்துக்குள்ளன்னா 2 வருஷம் வரைக்கும் தவணை, அதுக்கு மேலன்னா 5 வருஷம் வரைக்கும். அப்ப பருவநிலையைக் கணக்குல எடுக்குறது உங்களுக்கு என்ன புதுசா? கடன் குடுத்த பிறகு எடுத்துக்கிட்டு இருந்தீக, இப்ப குடுக்கிறதுக்கு முன்னாடி எடுக்கச் சொல்றாக.

2021 பிப்ரவரியில கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபா தள்ளுபடி ஆச்சு. 16.43 லட்சம் விவசாயிகளுக்கு. கசக்குமா? ஆனா பாருங்க, 2017-ல குடிமராமத்துன்னு சொல்லி ஏரி கண்மாயைச் சீர் பண்ண ஆரம்பிச்சப்ப முதல் தவணையா ஒதுக்குனது 100 கோடி. கண்மாயைச் சீர் பண்ண நூறு, கட்ட முடியாமப் போன கடனுக்குப் பன்னிரண்டாயிரம். இந்தக் கணக்கு எந்த ஊர் வாத்தியார் சொல்லிக் குடுத்ததோ!

சரி, மேக்க மலையடிவாரத்துக்கு வாங்க. சேத்தூர், தேவதானம், மம்சாபுரம், செண்பகத்தோப்பு. மாவும் தென்னையுமா குளுகுளுன்னு இருக்கும். ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் சாப்பிட்டிருக்கீகளா? சீசன்ல வந்தா வாங்கித் தாறேன், லஞ்சமில்லை. அந்தத் தோப்பை ஈடு வச்சா உங்க வேல்யூவர் வந்து ஏக்கருக்கு இம்புட்டுன்னு எழுதுவாரு. 1988-ல சாம்பல் அணிலுக்காக அங்கே சரணாலயம் வந்துச்சு. 2021 பிப்ரவரியில மேகமலையையும் சேத்துப் புலிகள் காப்பகம் ஆக்குனாக, ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர். காடு இருந்தாத்தான் வைகைக்கும் தண்ணி, நமக்கும் தண்ணி. அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்லை. ஆனா ஒரு ராத்திரி யானை இறங்கித் தென்னங்குருத்தை உருவித் தின்னுட்டுப் போச்சுன்னா, பல வருஷத்து வளர்ப்பு விடியறதுக்குள்ள போயிரும். யானை சர்வே நம்பர் பாக்காது. வேல்யூவர் சர்வே நம்பரை மட்டும்தான் பாப்பாரு.

இப்ப ஊருக்குள்ள வருவோம். 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை ஆரம்பிச்ச நாள்ல இருந்து இது நூலு ஊரு. சங்குச் சத்தத்துல எந்திரிச்சு வளந்த ஊரு. நூல் மில்லு கடனைப் பாக்கும்போது பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டுறீக, சரி. பஞ்சு எங்கேருந்து வருது, அங்கே மழை எப்படின்னு கேட்டிருக்கீகளா? 2022 மே மாசம் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுச்சு. 2021 தொடக்கத்துல அதுல பாதி வெலைதான். வடக்க காய் வெடிக்கிற நேரத்துல பேஞ்ச அகால மழை, காய்ப்புழு, உலகச் சந்தையில கிராக்கின்னு எல்லாம் சேந்துக்கிருச்சு. மில்லுக்காரன் அதே பேல் எண்ணிக்கையை வாங்க ரெட்டைப் பணம் வேணும். நீங்க குடுத்த கேஷ் கிரெடிட் லிமிட் பழைய வெலைக்குப் போட்டது. பாதி கதிரு சுத்தும், பாதி நிக்கும். குஜராத்து வயல்ல பேஞ்ச மழை ராஜபாளையத்துல உங்க கணக்கை நனைச்சிருச்சு. உங்க பாரத்துல அதுக்கு ஒரு கட்டமும் இல்லை.

கரண்டுக் கதை இன்னும் ருசியா இருக்கும். 2008 கடைசியில பெரிய ஆலைகளுக்கு 40 சதம் மின்வெட்டுன்னு ஆரம்பிச்சு, 2012-ல வீட்டுல விசிறி சுத்துனாலே விருந்தாளி வந்த மாதிரி சந்தோஷப்பட்டோம். மில்லுக டீசலை ஊத்தி ஓட்டுச்சுக. ஊத்துன டீசல் எல்லாம் லாபத்துல இருந்து ஊத்துனது. அப்ப யாருக்கு மூச்சு வந்துச்சு? தொண்ணூறுகள்ல இருந்தே முப்பந்தல் பக்கம் காத்தாடி நட்டு வச்சிருந்த மில்லுகளுக்கு. பூமியைக் காப்பாத்தணும்னா நட்டாக? வருமான வரியில இருந்து காசைக் காப்பாத்த நட்டாக. முதல் வருஷமே முதல்ல 100 சதம், பிற்பாடு 80 சதம் தேய்மானம் காட்டலாம்னு சட்டம் இருந்துச்சு. நட்ட நோக்கம் எதுவா இருந்தா என்ன, நெருக்கடியில தவணை கட்டுனது அந்தக் காத்துதான்.

உடனே ‘காத்தாடின்னா பச்சை, பச்சைன்னா பத்திரம்’னு எழுதிராதீக. அந்த 80 சதச் சலுகையை 2012-ல நிறுத்தினாக, 2014-ல திரும்பக் குடுத்தாக, 2017-ல 40 ஆக்குனாக. காத்து அடிக்கிறது வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும். அப்ப வந்த யூனிட்டை மின்வாரியத்துல போட்டு வச்சு, பிறகு எடுத்துக்கிறதுக்குப் பேரே ‘பேங்கிங்’. அந்தப் பேங்கு கெடு வந்தாக் கணக்கை முடிச்சிரும். எடுக்கிறதுக்குக் கட்டணமும் உண்டு. விதி ஒரு வரி மாறுனாக் காத்தாடிக் கடனோட கணக்கே மாறிப் போகும். பச்சைக் கடனுக்கும் ஆபத்து உண்டு தம்பி. என்ன, அதோட நிறம் வேற.

வேலையாளு விஷயமும் அப்படித்தான். ‘சுமங்கலி’ன்னு பேரு வச்சு, கல்யாணமாகாத புள்ளைகளை மில்லு விடுதியில தங்க வச்சு, மூணு வருஷம் முடிஞ்சா மொத்தமா ஒரு தொகைன்னு ஒரு ஏற்பாடு தமிழ்நாட்டுல ஓடுச்சு. 2011-ல நெதர்லாந்துக்காரங்க அதைப் பத்தி ஆய்வறிக்கை வெளியிட்டாக. வெளிநாட்டுல சட்டை விக்கிற கம்பெனிக எல்லாம் கேள்வி மேல கேள்வி. 2022 ஏப்ரல்ல திண்டுக்கல் ஒப்பந்தம்னு, பொம்பளைப் புள்ளைகளுக்கு வேலை செய்யுற எடத்துல பாதுகாப்பு குடுக்கிறதுக்குத் தொழிற்சங்கத்தோட ஆலையும் வெளிநாட்டு வாங்குற கம்பெனியும் கையெழுத்துப் போட வேண்டி வந்துச்சு. ஆர்டர் போனாத் தவணை போகும், இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்? விடுதியில சாயங்காலம் கேட்டை உள்ள பூட்டுறாகளா வெளிய பூட்டுறாகளான்னு பாக்குறதும் கடன் ஆய்வுதான்.

இப்ப சத்திரப்பட்டிக்குப் போவோம். அங்கேயும் சமுசிகாபுரம், அய்யன்கொல்லங்கொண்டான் பக்கத்துலயும் பேண்டேஜ் துணி நெய்யுறது உங்களுக்கே தெரியும். இந்தியாவுல எங்க எவன் அடிபட்டாலும் எங்க துணியைச் சுத்த வாய்ப்பு உண்டுன்னு நாங்க கொஞ்சம் பெருமையாச் சொல்லிக்குவோம். பஞ்சு மேல பொறக்கும்போதே ஒரு மெழுகு இருக்கும். அது தண்ணியை உறிஞ்ச விடாது. காயத்துக்குக் கட்டுற துணி உறிஞ்சணுமில்ல? அதுக்காகக் காஸ்டிக் சோடா போட்டு வேக வச்சு, வெளுத்து, திரும்பத் திரும்ப அலசணும். வெள்ளை வெளேர்னு துணி வந்துரும். அலசுன தண்ணி எங்க போகுது?

கடன் ஆய்வுக்கு வாரவரு முன்பக்கமா வந்து தறியை எண்ணுவாரு, ஸ்டாக்கை எண்ணுவாரு, தீயணைப்பு வாளியில மணல் இருக்கான்னு பாப்பாரு, கலர் குடிச்சிட்டுப் போயிருவாரு. நீங்க பின்பக்கம் போங்க. குழாய் எங்க போயி முடியுதுன்னு பாருங்க. முடியுற எடத்துல புல்லு பச்சையா இருக்கா, கருகியிருக்கா, மண்ணு மேல வெள்ளையா உப்புப் பூத்திருக்கான்னு பாருங்க. பக்கத்துக் கிணத்துக்காரன்கிட்ட, “குடிக்க எங்கேருந்து தண்ணி எடுக்குறீக?”ன்னு கேளுங்க. அவன் பதில் சொல்ல எடுத்துக்கிற நேரத்துலயே உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிரும். மாசுக்கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் ஃபைல்ல இருக்குன்னு சொல்வீக. இருக்கும் தம்பி, சான்றிதழ் ஃபைல்ல இருக்கும். தண்ணி ஓடையில இருக்கும்.

ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்றேன்னா, திருப்பூரை நெனைச்சுத்தான். நொய்யல் ஆத்துல, விவசாயத்துக்குன்னு ஒரத்துப்பாளையம் அணை கட்டி 1992-ல முடிச்சாக. பாசனத்துக்குத் தேக்குன தண்ணியில சாயக்கழிவு வந்து நெறைஞ்சுச்சு. ஆயக்கட்டு விவசாயிக கோர்ட்டுக்குப் போனாக. 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுகூட வெளிய வரக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. 2009-ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லுச்சு. கெடு மேல கெடு போச்சு. 2011 ஜனவரி 28-ல உயர் நீதிமன்றம், மூடுன்னுருச்சு. 700-க்கும் மேல சாயப்பட்டறை, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாத்துக்கும் கரண்டைப் புடுங்கச் சொல்லி உத்தரவு. பனியன் தொழிலே ஆடிப் போச்சு. கடைசியில சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனா 200 கோடி அரசாங்கம் குடுக்க வேண்டி வந்துச்சு.

இதுல திடீர்னு வந்தது எது? அந்த ஆறு என்ன நிறத்துல ஓடுதுன்னு ஊருக்கே தெரியும். கேஸு வருஷக் கணக்கா நடந்துச்சு, தீர்ப்பு பேப்பர்ல வந்துச்சு. பட்டறைக்காரன் வாங்குன கடனுக்கு முந்தின மாசம் வரைக்கும் வட்டி வந்திருக்கும், கணக்கு ‘ஸ்டாண்டர்டு’ன்னு பளிச்சுன்னு இருந்திருக்கும். மறு மாசம் பட்டறையில லைட்டு இல்லை. பட்டறையை வித்து எடுக்கலாம்னா, ஓட்ட முடியாத பட்டறையை எவன் ஏலம் கேப்பான்? அணைக்குக் கீழ நிலம் வீணாப் போன விவசாயி வாங்குன கடனும் ஏதோ ஒரு வங்கி ஏட்டுலதானே இருந்திருக்கும். ஒரே குழாயால ரெண்டு பக்கமும் வாராக் கடன்.

தூரத்துல இருக்கிற திருப்பூர் எதுக்கு, நம்ம மாவட்டத்துச் சிவகாசியே இருக்கு. 2018 அக்டோபர் 23-ல, டெல்லிக் காத்து மாசு வழக்குல உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுதான் செய்யணும், பேரியம் கூடாது, சரவெடி கூடாதுன்னுச்சு. ஆலைகளைச் சில மாசம் பூட்டிப் போட்டாக. டெல்லிக்காரனுக்கு மூச்சு முட்டுனா சிவகாசிக்காரனுக்குத் தவணை முட்டும்னு அன்னிக்குத்தான் வெளங்குச்சு. பூட்டுனது சரியா தப்பாங்கிறது வேற வழக்கு. வருமா வராதாங்கிறதுதான் வங்கிக்காரன் கேக்க வேண்டியது. 2015-ல இருந்தே கேஸு நடந்துச்சே!

அமெரிக்காவுலயும் இந்தக் கூத்து உண்டுன்னு பேத்தி சொன்னா. கலிபோர்னியாவுல பிஜி அண்ட் இ-ன்னு கரண்டுக் கம்பெனி. வறண்ட காட்டுல அவுக லைனால தீப்பிடிச்சு, 2019 ஜனவரியில திவால் மனு போட்டாக. அந்த மாசம் பொறக்கையிலகூட ‘முதலீட்டுக்கு ஏத்தது’ன்னு மார்க்கு வச்சிருந்தாகளாம். மார்க்குப் போட்டவுக காட்டுப் பக்கம் போயிருக்க மாட்டாக.

படிச்சவுக யாருக்கும் இது தெரியாம இல்லை. 2015 செப்டம்பர்ல, இங்கிலாந்து வங்கி கவர்னரா இருந்த மார்க் கார்னி லண்டன்ல காப்பீட்டுக்காரங்க முன்னாடி பேசுனாரு. பருவநிலையோட அடி விழப்போறது, இப்ப முடிவெடுக்கிறவுக கண்ணுக்கு எட்டாத காலத்துலன்னு. லண்டன்ல அதுக்குத் தொடுவானம்னு பேரு. நம்ம ஊர்ல அதுக்கு டிரான்ஸ்பர்னு பேரு. கடன் ஏழு வருஷத்துக்கு, நீங்க இருக்கப்போறது மூணு வருஷம். கிணறு வத்துற வருஷம் நீங்க கும்பகோணத்துலயோ கௌஹாத்தியிலயோ இருப்பீக. உங்க இடத்துக்கு வந்தவரு ‘முந்தின ஆபீசர் சரியாப் பாக்கலை’ன்னு எழுதிட்டு, அடுத்த கடனையும் உங்களை மாதிரியே பாப்பாரு.

இதையெல்லாம் கேட்டுட்டு, ‘பெரியவரு சொல்லிட்டாரு’ன்னு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டுக்கும் மேப்புல சிவப்பு மை அடிச்சுட்டுப் போயிராதீக. அதுதான் எனக்குப் பெரிய பயம். மேலிடத்துல ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். ‘தண்ணி கொறைவான வட்டாரம், கடன் வேண்டாம்’னு ஒரு பட்டனைத் தட்டிரும். அப்ப விவசாயி கடன் வாங்காம இருந்துருவானா? கந்துவட்டிக்காரன்கிட்டப் போவான். அங்கே பாரமும் இல்லை, பச்சை இலையும் இல்லை. 2003-ல கந்துவட்டியை ஒழிக்கச் சட்டம் போட்டாக; சட்டம் இருக்கு, அவுகளும் இருக்காக.

கடனைக் கொறைக்க வேண்டாம், மாத்திக் குடுங்க. வெளுப்புப் பட்டறைக்காரன் ரெண்டு தறி கூடுதலா வாங்கக் கடன் கேட்டா, “தறிக்கு அப்புறம் தாறேன், முதல்ல தண்ணியைச் சுத்தம் பண்ண நாலு பேரு சேந்து வாங்க, அதுக்கு வட்டியைக் கொறைச்சு நீண்ட தவணையில தாறேன்”னு சொல்லுங்க. நெல்லுக்குக் கேட்டா கண்மாய் இருப்பைப் பாத்துக் குடுங்க. தண்ணி இல்லாத வருஷம் அவன் சோளமோ பயறோ போட்டா லிமிட்டைக் கொறைச்சு அவனைத் தண்டிக்காதீக. மில்லுக்குக் கடன் குடுத்தா பஞ்சு வெலை, கரண்டு வெலை ரெண்டும் ஒண்ணா ஏறுனா எத்தனை மாசம் தாங்கும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சு. அந்தப் பக்கம் வருஷம் பூராப் பேஞ்சாலும் அம்புட்டு வராது. வறட்சி நாடுன்னு எழுதி வச்சிருந்த எடத்துல வீடு முங்குச்சு. அதனால வெள்ளத்தையும் ஓரமா எழுதி வைங்க. எதுத்த வீட்டு நாலு மாட்டுக்காரன்கிட்ட மட்டும் கொள்கை கேக்காதீக. கோடைக்குத் தீவனம் எங்கேருந்து வாங்குவ, தடுப்பூசி போட்டியான்னு கேட்டாப் போதும், முழுக் கடன் ஆய்வும் அதுலயே முடிஞ்சிரும்.

ஒரு முறை சித்திரை வெயில்ல வாங்க, ஒரு முறை ஐப்பசி மழையில வாங்க. கலெக்டர் வாரப்ப காட்டுற பக்கமா வராதீக, கடைமடைப் பக்கமா வாங்க. பாத்ததை ஃபைல்ல தேதி போட்டு எழுதுங்க: எந்தக் கண்மாய், எந்தக் குழாய், கிணத்துல எத்தனை அடியில தண்ணி. டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தாலும் அந்தக் காகிதம் இங்கேயே இருக்கும். அடுத்து வாரவரு பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

அப்புறம் தம்பி, உங்க மேஜையில இடது பக்கம் மூணாவது ஃபைல், போர்வெல் ஆழப்படுத்த நான் போட்ட கடன் மனு. ஏற்கெனவே 700 அடி, இன்னும் 300 கேட்டிருக்கேன். பக்கத்துக் கிணறு வத்துமான்னு எல்லாம் அதுல ஆராய வேண்டாம். இந்தப் புது முறையை நீங்க அடுத்த மனுவுல இருந்து ஆரம்பிச்சாப் போதும்.